கடா மோதிரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் யாருக்காவது 'ரிங் ஆஃப் த ராம்' என்ற மந்திர மோதிரம் கிடைத்துவிட்டால், ஆட்டம் பாதியில் நின்று எல்லோரும் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். எங்கள் மேசையில் அதைக் கடா மோதிரம் என்றுதான் சொல்வோம். டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) ஆக உட்காரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து. 2024 விதிகளில் மாறியவற்றில் சிலவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன். விதி சொல்வது எது, டி.எம். முடிவு செய்ய வேண்டியது எது என்பதையும் கலக்காமல் தந்திருக்கிறேன்.

இந்த மோதிரம் என்னதான் செய்யும்? சுருக்கமா சொல்லுங்க.

இரண்டு வேலை செய்யும். முதலாவது, முட்டுவது. 60 அடிக்குள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு எதிரியைக் குறி வைத்தால், மங்கலான ஒரு கடாத் தலை தோன்றிப் பாயும். அட்டாக் ரோலுக்கு, அதாவது அடி படுமா என்று பார்க்க உருட்டும் 20 பக்கப் பகடைக்கு (டி20), +7. அடி பட்டால், போட்ட ஒவ்வொரு சார்ஜுக்கும் (மோதிரத்தில் இருக்கும் சக்தியின் ஒரு அலகு) 2டி10 (10 பக்கப் பகடை இரண்டின் கூட்டல்) ஃபோர்ஸ் சேதம், கூடவே 5 அடி பின்னுக்குத் தள்ளும். மூன்று சார்ஜும் போட்டால் 6டி10 சேதம், 15 அடி தள்ளல்.

இரண்டாவது, உடைப்பது. 60 அடிக்குள் தெரியும் ஒரு பொருளை உடைக்க மோதிரம் ஸ்ட்ரெங்த் செக் (பலத்தைச் சோதிக்கும் டி20 உருட்டல்) போடும். ஒவ்வொரு சார்ஜுக்கும் +5. யாரும் அணிந்திருக்கும் பொருளையோ கையில் வைத்திருக்கும் பொருளையோ இப்படி உடைக்க முடியாது. இரண்டு வேலைக்கும் உங்கள் ஆக்‌ஷன் செலவாகும்.

கிடைச்ச உடனே விரல்ல மாட்டிக்கிட்டு அடிக்கலாமா?

முடியாது. இதற்கு அட்யூன்மென்ட், அதாவது பொருளோடு ஒரு மந்திரத் தொடர்பு, வேண்டும். ஒரு ஷார்ட் ரெஸ்ட் முழுக்க மோதிரத்தோடு உட்கார வேண்டும். என்ன மோதிரம் என்றே தெரியாவிட்டால், ஐடென்டிஃபை ஸ்பெல் போடுங்கள், அல்லது தனியாக இன்னொரு ஷார்ட் ரெஸ்ட் எடுத்து ஆராயுங்கள். ஆராய்வதும் அட்யூன் ஆவதும் ஒரே ரெஸ்டில் நடக்காது.

ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடுதான் அட்யூன் ஆகலாம். மோதிரத்தை விட்டு 100 அடிக்கு மேல் விலகி 24 மணி நேரம் இருந்துவிட்டால் தொடர்பு அறுந்துவிடும்.

மொத்தம் எத்தனை சார்ஜ்? எப்போ திரும்ப வரும்?

மூன்று. ஒவ்வொரு நாளும் விடியலில் 1டி3 சார்ஜ் திரும்பும். லாங் ரெஸ்ட் எடுத்தால் திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, விடிய வேண்டும். நண்பகலில் ரெஸ்ட் எடுத்து மாலையில் எழுந்தால் சார்ஜ் எதுவும் வந்திருக்காது.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 1டி3 என்றால் குறைந்தது ஒன்று கட்டாயம் வரும். ஆகவே தினமும் ஒரு சார்ஜ் செலவு செய்தால் மறுநாள் காலையில் மோதிரம் மறுபடி நிறைந்திருக்கும், இழப்பே இல்லை. பெரிய சண்டைக்கு ஆகட்டும் என்று பத்திரப்படுத்தி, மூன்று சார்ஜோடு தூங்கப் போனால், அந்த விடியலின் சார்ஜ் வீண். ஒரு கதவாவது உடைத்துவிட்டுப் படுங்கள்.

கடைசி சார்ஜையும் போட்டா மோதிரம் பொடியாயிடுமா?

ஆகாது. பல வாண்ட்களில் கடைசி சார்ஜைச் செலவழித்ததும் டி20 உருட்டி 1 விழுந்தால் அது சாம்பலாகும் என்று எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பயம் வருகிறது. கடா மோதிரத்தின் விளக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மூன்றையும் தைரியமாகப் போடலாம்.

எங்க பழைய டி.எம். இதுல 50 சார்ஜ் இருக்கும்னு சொன்னாரே?

அவர் சொன்னதும் சரிதான், அது மூன்றாம் பதிப்பு விதி. அதில் புது மோதிரத்துக்கு 50 சார்ஜ், எல்லாம் தீர்ந்தால் அது வெறும் உலோக வளையம். சேதமும் குறைவு. ஒரு சார்ஜுக்கு 1டி6, மூன்றுக்கு 3டி6. எட்டும் தூரம் 50 அடி. கதவு திறக்க ஸ்ட்ரெங்த் 25 உள்ள ஆள் முயல்வது போலக் கணக்கு. பெரும்பாலும் இரும்பில் செய்தது, மேலே செம்மறிக் கடா அல்லது வெள்ளாட்டுக் கடாவின் தலை இருக்கும் என்ற வர்ணனையும் அங்கே உண்டு. நான் இன்றும் அதைத்தான் மேசையில் சொல்வேன்.

ஐந்தாம் பதிப்பில் மோதிரம் தீர்ந்துபோவதில்லை, ஆனால் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் முட்டாது. இரண்டு பதிப்பையும் கலந்து ஆடாதீர்கள்.

என் விஸார்டுக்கு ஸ்ட்ரெங்த் 8தான். அவனுக்கு இது உதவுமா?

தாராளமாக. +7 என்பது மோதிரத்தின் எண். அணிந்தவரின் ஸ்ட்ரெங்த், லெவல், ப்ரொஃபிஷியன்சி எதுவும் சேராது. உடைப்பதற்கும் அப்படியே, சார்ஜுக்கு +5 மட்டும். நோஞ்சான் விஸார்டும் மல்லன் பார்பேரியனும் இந்த மோதிரத்துக்கு ஒன்றுதான்.

இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். உங்கள் லெவல் ஏறினாலும் இந்த +7 ஏறாது. ஏ.சி. (அடி பட உருட்டலின் கூட்டல் எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரிக்கு 65 சதவீதம் அடி படும். ஏ.சி. 20 என்றால் 40 சதவீதம்தான்.

அப்போ எங்க குழுவுல யாருக்குக் கொடுக்கலாம்?

என் தேர்வு, கனமான கவசம் போட்டு வாளோடு நிற்கும் ஃபைட்டர் அல்லது பாலடின். பக்கத்தில் வந்தவரை வெட்டத் தெரியும், 40 அடி தள்ளிப் பறக்கிறவரை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஈட்டி எறிந்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். அந்தச் சுற்றுகளில் இந்த மோதிரம் அவர்களைக் காப்பாற்றும்.

விஸார்டுக்கும் உதவும் என்று மேலே சொன்னேன். ஆனால் அவருடைய ஆக்‌ஷனில் ஒரு நல்ல ஸ்பெல் போகும், அதை விட்டுவிட்டு மோதிரத்தை நீட்டுவது பெரும்பாலும் நஷ்டம். ரோகுக்கு வேண்டாம். ஸ்னீக் அட்டாக் இதோடு சேராது, அதற்குத் தகுந்த ஆயுதம் வேண்டும்.

மூணு சார்ஜையும் ஒரே அடியில போடணுமா, ஒண்ணொண்ணா போடணுமா?

வெறும் சேதக் கணக்கில் ஒரு சார்ஜின் சராசரி 11, மூன்றின் சராசரி 33. எப்படிப் போட்டாலும் சார்ஜுக்கு அதே பலன்தான். வித்தியாசம் ஆக்‌ஷனில் இருக்கிறது. ஒன்றொன்றாகப் போட்டால் மூன்று சுற்று போகும். சண்டைகள் பலவும் மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடுகின்றன. அதனால் சண்டையில் மூன்றையும் சேர்த்துப் போடுவதே மேல்.

தவறினால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பார்கள். சார்ஜ் போனது போனதுதான். மோதிரத்தை இயக்கும்போதே அது செலவாகிவிடுகிறது, அடி பட்டதா என்பதைப் பொறுத்ததல்ல. ஏ.சி. அதிகமான எதிரியிடம் மூன்றையும் ஒரே உருட்டலில் பந்தயம் கட்டுவதற்கு முன், அவரைக் கட்டிப்போட நண்பரிடம் சொல்லுங்கள்.

டி20ல 20 விழுந்தா கிரிட்டிக்கல் உண்டா?

உண்டு. இது அட்டாக் ரோல்தான், ஆகவே பகடைகள் இரட்டிப்பாகும். மூன்று சார்ஜ் கிரிட்டிக்கல் 12டி10, சராசரி 66. தள்ளும் தூரம் மட்டும் இரட்டிப்பாகாது.

ஹோல்ட் பர்சன் போன்ற ஸ்பெல்லில் ஒருவர் அசையாமல் நின்றால், அவருக்கு 5 அடிக்குள் நின்று அடிக்கும் எந்த அடியும் கிரிட்டிக்கல். அதோடு அட்வான்டேஜும் (இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும். இந்த மோதிரம் தரும் மிகப் பெரிய ஒற்றை அடி இதுதான். 60 அடி எட்டும் என்பதற்காகத் தூரத்திலேயே நிற்காதீர்கள், பக்கத்தில் போங்கள்.

ஃபோர்ஸ் சேதத்தைத் தாங்குற எதிரி இருக்கா?

மிகக் குறைவு. நெருப்பு, விஷம் போல இதற்கு எதிர்ப்பு உள்ள மான்ஸ்டர்கள் அதிகம் இல்லை. ஹெல்ம்டு ஹாரர் என்ற வெற்றுக் கவச உருவத்துக்கு இது ஏறவே ஏறாது. ப்ரூச் ஆஃப் ஷீல்டிங் அணிந்தவருக்குப் பாதி சேதம். கரடி டோட்டம் எடுத்த பார்பேரியன் ரேஜில் இருந்தால் அவருக்கும் பாதி.

பெரிய உருவங்களையும் தள்ளுமா? டிராகனைக் கூடவா?

டிராகனையும் தள்ளும். என்னைக் கேட்டால் இந்த மோதிரத்தின் உண்மையான பலம் சேதத்தில் இல்லை, இந்தத் தள்ளலில் இருக்கிறது. கையால் தள்ளும் ஷவ் என்றால், உங்களை விட ஒரு அளவு பெரியவரைத்தான் தள்ள முடியும். தண்டர்வேவ் ஸ்பெல்லில் எதிரிக்கு ஒரு சேவ் (தப்பிக்க உருட்டும் வாய்ப்பு) கிடைக்கும். கடா மோதிரத்தில் இரண்டும் இல்லை. அடி பட்டால் தள்ளும், அளவுக் கட்டுப்பாடு கிடையாது, சேவ் கிடையாது. லெஜெண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவ் ஒன்றை வென்றதாக மாற்றும் திறன்) உள்ள எதிரிகூட இங்கே ஒன்றும் செய்ய முடியாது, தோற்க ஒரு சேவ் இருந்தால்தானே அதைப் பயன்படுத்த?

ஒரு ஸ்டோன் ஜயன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. 17, ஹிட் பாயிண்ட் 126, அளவு ஹ்யூஜ். மலை விளிம்பிலிருந்து 10 அடி உள்ளே நின்று பாறை எறிகிறது, கீழே 100 அடிப் பள்ளம். நீங்கள் அதற்கு நேர் எதிரே, மலைப் பக்கம் நிற்கிறீர்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. மூன்று சார்ஜில் சராசரி 33 சேதம், 15 அடி தள்ளல், ஜயன்ட் விளிம்பைத் தாண்டிவிடும். விழுவதற்கு 10 அடிக்கு 1டி6 வீதம் 10டி6, சராசரி 35. ஒரே ஆக்‌ஷனில் பாதி உயிருக்கு மேல் போச்சு. மிச்ச உயிரோடு பள்ளத்தில் கிடக்கும் ஜயன்ட் மேலே ஏறி வருவதற்குள் நீங்கள் காயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். விளிம்பைப் பிடித்துக்கொள்ள டெக்ஸ்டெரிட்டி சேவ் தரும் டி.எம்.கள் உண்டு. அது நியாயமான வீட்டு விதி, ஆனால் புத்தகத்தில் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வார்லாக்கின் ரிப்பெல்லிங் பிளாஸ்ட்டும் இப்படித் தள்ளுமே என்றால், 2014 விதியில் ஆமாம். 2024 விதியில் அது லார்ஜ் அளவு வரைதான் தள்ளும்.

தள்ளிவிட்டா வழியில நிக்கிற எங்க ஆளுக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடைக்குமா?

கிடைக்காது. எதிரி கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும்போது அடிக்கும் அந்த அடி, அவர் தானாக நகர்ந்தால்தான் வரும், பிறர் தள்ளி நகர்ந்தால் வராது.

ஆனால் இதே தள்ளல் பிடியை விடுவிக்கும். உங்கள் நண்பரை ஒரு மிருகம் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். மிருகத்தைத் தள்ளி, நண்பர் அதன் கைக்கெட்டாத தூரத்தில் ஆகிவிட்டால் பிடி விட்டுப்போகும். நீண்ட கை உள்ளவற்றுக்கு 5 அடி போதாது, எத்தனை சார்ஜ் வேண்டும் என்று கட்டங்களை எண்ணிப் பார்த்துப் போடுங்கள்.

பறக்குற எதிரியை அடிச்சா கீழ விழுமா?

விழாது. பின்னால் போகும், அவ்வளவுதான். மோதிரம் யாரையும் சாய்ப்பதில்லை, பறப்பதையும் நிறுத்துவதில்லை.

நேர் கீழே நின்று மேல்நோக்கி அடித்தால் மேலே போகுமா என்று ஒருவர் கேட்டார். விதி சொல்வது உங்களிடமிருந்து விலகி என்று மட்டும்தான். என் மேசையில் போகும் என்றே சொல்வேன். பறக்கத் தெரியாத எதிரி 15 அடி மேலே போய் விழுந்தால் 1டி6 சேதமும், தரையில் சாய்வதும் சேரும். மேலிருந்து கீழ்நோக்கி அடித்தால் தரை தடுத்துவிடும், நகராது.

கதவு உடைக்க எத்தனை சார்ஜ் போடணும்?

டி.எம். எவ்வளவு டி.சி. (செக்கில் வெல்ல எட்ட வேண்டிய எண்) வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கடினமான கதவு, டி.சி. 20 என்றால், ஒரு சார்ஜில் 30 சதவீதம், இரண்டில் 55, மூன்றில் 80. மிகக் கடினம், டி.சி. 25 என்றால் மூன்று போட்டாலும் 55 சதவீதம். டி.சி. 30க்கு 30 சதவீதம். சாதாரண டி.சி. 15 கதவுக்கு மூன்று போட்டால் உருட்டவே வேண்டாம், 1 விழுந்தாலும் கூட்டல் 16. ஸ்ட்ரெங்த் செக்கில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்ற விதி கிடையாது.

பார்பேரியன் இலவசமாகவே கதவை மோதலாம் என்பதை மறக்க வேண்டாம். முதலில் அவர் முயலட்டும். மோதிரத்தின் மதிப்பு 60 அடியில் இருக்கிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தூக்குப்பாலத்தின் சங்கிலி, மேலே தொங்கும் விளக்குக் கொத்தின் கொக்கி, கைக்கெட்டாத பலிபீடத்தின் மேலிருக்கும் படிகம், பொறி இருக்கலாம் என்று சந்தேகப்படும் பெட்டி, இவைதான் அதற்கேற்ற இலக்குகள்.

வால் ஆஃப் ஃபோர்ஸை உடைக்குமா? கோட்டைச் சுவரை?

வால் ஆஃப் ஃபோர்ஸ் எந்தச் சேதத்துக்கும் அசையாது, அதை அழிப்பது டிஸின்டக்ரேட் ஸ்பெல். மோதிரம் உதவாது.

கோட்டைச் சுவரை ஒரு முட்டில் சரிப்பதை நான் அனுமதிப்பதில்லை. பிரம்மாண்டமான ஒரு கட்டடத்தை ஒற்றைப் பொருளாகப் பார்ப்பது சரியில்லை. சுவரின் ஒரு பகுதியை, ஒரு ஜன்னல் கம்பியைக் குறி வைத்தால் டி.சி. சொல்வேன்.

எதிரி கையில இருக்கிற வாளை உடைக்கலாமா?

முதல் கேள்வியில் சொன்னதுதான், கையில் இருந்தால் முடியாது. கீழே விழுந்துவிட்டால் முடியும். டிஸார்ம் செய்யத் தெரிந்த ஃபைட்டர் கூட இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். அது மந்திர வாளாக இருந்தால் டி.எம். டி.சி.யை ஏற்றுவது நியாயம். ஆர்ட்டிஃபேக்ட் வகைப் பொருள்கள் அவற்றுக்கென்று சொல்லப்பட்ட வழியில் மட்டும்தான் அழியும்.

சிலைன்னு நெனச்சு உடைக்கப் பாத்தேன், அது கோலெம். சார்ஜ் போச்சா?

கோலெம், மிமிக், அனிமேட்டட் ஆர்மர் எல்லாம் விதிப்படி கிரியேச்சர், பொருள் அல்ல. ஆகவே உடைக்கும் செக் அவற்றின் மேல் வேலை செய்யாது. ஏமாந்த ஆட்டக்காரரை இன்னொரு முறை தண்டிக்க நான் விரும்புவதில்லை. அந்தச் சார்ஜை அப்படியே அட்டாக் ரோலாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன். இது என் வழக்கம். உங்கள் டி.எம். வேறு மாதிரி சொன்னால் அதுவும் விதிக்கு விரோதமில்லை.

கவுன்டர்ஸ்பெல் போட்டு இதைத் தடுக்க முடியுமா?

முடியாது. மோதிரம் எந்த ஸ்பெல்லையும் போடுவதில்லை, அதுவே முட்டுகிறது. அதனால் சைலன்ஸ் ஸ்பெல்லுக்குள் நின்றும் இயக்கலாம். ஆறாம் லெவல் வரை ஸ்பெல் ஏறாத ராக்‌ஷஸாவுக்கும் இந்த அடி விழும். மேஜிக் ரெசிஸ்டன்ஸ் என்பது சேவுக்குத் தரும் அட்வான்டேஜ், இங்கே சேவ் இல்லை என்று டிராகன் கேள்வியிலேயே பார்த்தோம்.

தடுப்பவை இரண்டு. ஷீல்டு ஸ்பெல் ஏ.சி.யை 5 ஏற்றும், அது எந்த அட்டாக் ரோலுக்கும் பொருந்தும். ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் மோதிரம் வெறும் மோதிரம்.

இன்விசிபிளா இருந்துக்கிட்டே அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் இன்விசிபிலிட்டி ஸ்பெல் அதோடு கலைந்துவிடும். மோதிரம்தானே அடித்தது, நான் இல்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. விளக்கத்தில் தாக்குவது நீங்கள் என்றுதான் இருக்கிறது. எதிரி இன்விசிபிளாக இருந்தால் குறி வைக்கவே முடியாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஹேஸ்ட், ஆக்‌ஷன் சர்ஜ் இதோட சேருமா?

2014 விதியில் ஆக்‌ஷன் சர்ஜ் சேரும், அது முழு ஆக்‌ஷன். ஒரே சுற்றில் இரண்டு முட்டு முட்டலாம், சார்ஜ் மொத்தம் மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் முடியாது. எக்ஸ்ட்ரா அட்டாக்கும் சேராது.

தீஃப் ரோகின் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் 2014 விதியில் மந்திரப் பொருள்களுக்குப் பொருந்தாது. 2024 விதியில் அது மேஜிக் ஆக்‌ஷன் கேட்கும் பொருள்களையும் போனஸ் ஆக்‌ஷனில் இயக்க விடுகிறது. ரோகுக்கு வேண்டாம் என்று மேலே சொன்னதை 2024 ஆடுபவர்கள் தீஃப் விஷயத்தில் மாற்றிக்கொள்ளலாம். வாளால் ஸ்னீக் அட்டாக், அதே சுற்றில் கடா முட்டு, அருமையான ஜோடி.

பிளெஸ் போட்டா இந்த ரோலுக்கு 1டி4 சேருமா? நான் பாய்ஸன் ஆகியிருந்தா டிஸ்அட்வான்டேஜா?

எங்கள் மேசையில் அதிக நேரம் விவாதித்தது இதைத்தான். 2014 விளக்கத்தில் தாக்குவது நீங்கள், ரோல் போடுவது மோதிரம். ஆகவே இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. ரோல் மோதிரத்துடையது என்றால் உங்கள் பிளெஸ்ஸும் சேராது, உங்கள் விஷமும் பாதிக்காது, பக்கத்தில் எதிரி நிற்பதால் வரும் டிஸ்அட்வான்டேஜும் இல்லை. ரோல் உங்களுடையது என்றால் மூன்றும் உண்டு. நான் முதல் வாசிப்பை எடுக்கிறேன், கணக்கு சுலபம். எதிரியின் நிலையால் வரும் அட்வான்டேஜ், மேலே சொன்ன ஹோல்ட் பர்சன் போல, இரண்டு வாசிப்பிலும் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் முழுதாகத் தேருங்கள். பிளெஸ் வேண்டும், பாய்ஸன் வேண்டாம் என்று பொறுக்கக் கூடாது.

ரெண்டு கடா மோதிரம் கிடைச்சா ரெண்டு கையிலயும் போட்டுக்கலாமா?

ஒரே பொருளின் இரண்டு பிரதிகளோடு ஒருவர் அட்யூன் ஆக முடியாது. இரண்டாவதை நண்பருக்குக் கொடுங்கள்.

நான் டி.எம். இதைக் கொடுத்தா என் டன்ஜன் கதவெல்லாம் வீணாயிடுமே?

இது ரேர் வகை, ஐந்தாம் லெவல் முதல் கொடுக்கலாம் என்றும் 501 முதல் 5,000 தங்கம் வரை மதிப்பு என்றும் விதிப்புத்தகம் சொல்கிறது. அந்த லெவலில் கதவு ஒரு பெரிய தடையே இல்லை, நாக் ஸ்பெல் ஏற்கெனவே கைவசம் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று சார்ஜ்தான். கதவுக்குப் போனால் சண்டைக்கு இல்லை. உடைந்த கதவை மறுபடி சாத்தவும் முடியாது, உள்ளே இருப்பவர்கள் ஓடி வரும்போது ஆட்டக்காரர்களுக்கு அது புரியும்.

கதவைப் பற்றிக் கவலைப்படுவதை விட, உங்கள் வரைபடத்தில் விளிம்புகளைப் பாருங்கள். பாலம், கிணறு, மாடி, லாவா ஆறு. லாவாவில் கால் வைத்தால் 10டி10, மூழ்கினால் 18டி10. உங்கள் முக்கிய வில்லனை அதன் ஓரத்தில் நிறுத்தி வசனம் பேச வைக்கப் போகிறீர்கள் என்றால், 15 அடிக்கு மேல் உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.